மலையேற ஒரு பாட்டில் தண்ணீர்

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துப் படி ஏறிய முதல் ஆள் நான். கல்லூரியில் பௌதிகம் எடுத்திருந்தேன். அதை யாரும் மறக்க நான் விட்டதில்லை. அப்பாவை மட்டும் விடுவேனா?

அப்பா தென்காசி ரயில் நிலையத்து வாசலில் வாடகைக் கார் ஓட்டினார். பழைய வண்டி. ஆளும் மூட்டையுமாகச் செங்கோட்டை தாண்டி மலை ஏறும்போது, எஞ்சினுக்குள் யாரோ சின்னச் சுத்தியலால் தட்டுவது போலச் சத்தம் வரும். சூட்டில் பெட்ரோல் தாறுமாறாக வெடிப்பதால் வரும் அந்தச் சத்தத்தை டிரைவர்கள் நாக்கிங் என்பார்கள். விட்டால் பிஸ்டனே உடைந்துவிடும்.

குற்றாலத்தில் சாரல் விழும் மாதங்களில் அந்தச் சத்தம் குறைவதை அப்பா கவனித்திருந்தார். கோடையிலும் எஞ்சினுக்குச் சாரல் காட்ட ஒரு வழி செய்தார். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றும் பாட்டில் ஒன்றை வாங்கி வந்து, ஸ்டியரிங் பக்கத்தில் தொங்கவிட்டு, தண்ணீர் நிரப்பினார். அதன் ரப்பர் குழாய், காற்றும் பெட்ரோலும் கலக்கும் கார்புரேட்டரின் வாய்க்குப் போனது. ஏற்றம் வந்ததும் குழாயின் திருகைத் தளர்த்துவார். காற்றோடு தண்ணீரும் துளித்துளியாய் உள்ளே போகும்.

"தண்ணி போனா எஞ்சின் கெட்டுப் போயிரும்ப்பா" என்று சிரித்தேன்.

"நீ படிச்சவ, சொல்லுத. எஞ்சின் கேக்க மாட்டேங்குதே" என்றார்.

உண்மையிலேயே சத்தம் நின்றிருந்தது. அது எனக்குப் பொறுக்கவில்லை. கல்லூரி நூலகத்தில் தேடினேன். இரண்டாம் உலக யுத்தத்தில் பறந்த விமானங்களின் எஞ்சினுக்குத் தண்ணீரோடு மெத்தில் ஆல்கஹாலும் கலந்து கொடுத்தார்கள் என்று ஒரு புத்தகத்தில் இருந்தது. தண்ணீர் ஆவியாகிச் சூட்டைத் தணிக்கும். ஆல்கஹால் தானும் குளிர்வித்து, எரிந்து வலுவும் தரும். மெத்தில் ஆல்கஹாலுக்கு நான் எங்கே போக? அது கொஞ்சம் கலந்த ஸ்டவ் ஸ்பிரிட் வீட்டில் இருந்தது. பாட்டிலில் பாதிக்கு அதை ஊற்றினேன். அப்பா மூக்கைச் சுளித்தார். ஆனால் மகள் புத்தகத்தில் பார்த்துச் சொல்கிறாள், தடுக்கவில்லை.

அப்போது மதுவிலக்கு. அந்த ஸ்பிரிட்டையே வடிகட்டிக் குடிக்கிறவர்கள் இருந்தார்கள். புத்தகம் படித்த எனக்கு அது தோன்றவே இல்லை.

புளியங்குடி எலுமிச்சை வியாபாரி ஒருவரையும் அவர் மனைவியையும் மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்துப் புனலூரிலிருந்து அழைத்து வந்தோம். நானும் முன்சீட்டில் இருந்தேன். மலை இறங்கியதும் சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள். ஏட்டு ஜன்னலுக்குள் தலையை விட்டவர், அப்படியே முகர்ந்தார்.

"என்னவே இது, டிரிப்பு ஏத்திக்கிட்டே வாரீரு?"

பின்சீட்டில் வியாபாரி நகர்ந்து உட்கார்ந்தார். "ஏட்டையா, நாங்க வாடகைக்கு ஏறுனவுக. எங்களுக்கும் அந்தப் பாட்டிலுக்கும் சம்பந்தம் இல்ல."

"யாரு ஊத்துனது?"

"நான்தான்யா" என்றார் அப்பா.

வண்டியைப் பிடித்துக்கொண்டால், லைசென்ஸும் போனால், எங்களுக்கு வேறு பிழைப்பு கிடையாது. "நான்தான் ஊத்துனேன்" என்றேன். ஆவியாதல், வெப்பம், விமானம் என்று ஆங்கிலமும் தமிழுமாகப் பேசிக்கொண்டே போனேன்.

ஏட்டு முழுவதும் கேட்டார். "காலேஜுல இதெல்லாமா சொல்லிக் குடுக்காவ?"

அப்பாதான் குறுக்கே வந்தார். "ஏறி உக்காருங்கய்யா. மேல ஒரு வளைவு வரைக்கும் போவோம். பொய்யின்னா வண்டிய எடுத்துக்கிடுங்க."

ஏட்டு முன்சீட்டில் ஏற, நான் பின்சீட்டுக்குப் போனேன். வண்டி திரும்பியது. "வந்த மலையிலேயே மறுபடி ஏறுதோமே" என்று வியாபாரியின் மனைவி முனகினார். திருகை மூடியே அப்பா ஏற்றினார். சுத்தியல் தட்டத் தொடங்கியது. திருகைத் தளர்த்தினார், சத்தம் அடங்கியது. மூடினார், தட்டியது. திறந்தார், அடங்கியது.

"சரக்கு உள்ள போனதும் அழுகைய நிறுத்துதே" என்றார் ஏட்டு. வியாபாரி சத்தமாகச் சிரித்தார்.

வளைவில் அப்பா வண்டியை நிறுத்தினார். பாட்டிலில் இருந்ததைப் பாறையில் கொட்டிக் கழுவிவிட்டு, ஓடைத் தண்ணீரை நிரப்பினார். அடுத்த ஏற்றத்தில் திருகைத் திறந்தார். அதே அமைதி.

ஏட்டு என் பக்கம் திரும்பினார். "அப்பம் ஸ்பிரிட்டு எதுக்குட்டி?"

விமானம் என்று ஆரம்பித்தேன்.

"இது பிளேனா?"

துளித்துளியாய்த் தண்ணீர் இறங்கும் குழாயைப் பார்த்தேன். தண்ணீர் அப்பாவுடையது; ஸ்பிரிட்தான் என்னுடையது. அதில் என் பங்கு ஒன்று இருக்க வேண்டும் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

சாவடியில் இறங்கியபோது ஏட்டு சொன்னார்: "இனி இந்த நாத்தம் வந்துச்சு, வண்டியும் லைசென்ஸும் இங்கனதான் கிடக்கும்."

மறுநாள் காலையில் அப்பா பாட்டிலையும் ஒரு காகிதத்தையும் என் முன்னால் வைத்தார். "இது வெறும் தண்ணின்னு எழுதி ஒட்டிரு. அவங்க படிச்சுக்கிடட்டும்."

பேனாவை எடுத்ததும் தண்ணீரின் ரசாயனக் குறியீட்டை எழுதத்தான் கை போனது. நிறுத்தி, பெரிய எழுத்தில் 'தண்ணீர்' என்று எழுதினேன். அப்பா தனக்குப் படிக்கத் தெரியாத அந்த எழுத்தைத் தலைகீழாக ஒட்டப் போனார். வாங்கி நேராக ஒட்டினேன்.

அடுத்த முறை சாவடியில் ஏட்டு அதைப் படித்தார். பிறகு மூடியைத் திறந்து முகர்ந்தும் பார்த்தார்.