மருமகளுக்கு எடுத்த சேலை

சின்னமனூர் தாண்டியதும் கரியில் ஓடும் எங்கள் பஸ் நின்றுவிடுகிறது. கண்டக்டர் இறங்கிப் பின்பக்கத்து அடுப்பைக் கிளறுகிறார். நாங்கள் புளியமரத்தடியில் ஒதுங்குகிறோம். பக்கத்தில் ஓர் அம்மாள், மடியில் புதுச் சிவப்புச் சேலை. அவள் தோளில் சாய்ந்து ஓர் இளம்பெண் தூங்குகிறாள்.

"பொண்ணுக்குக் கல்யாணமா அம்மா?"

"மருமக, சாமி. எம் மவன் போன வருசம் காய்ச்சல்ல போயிட்டான். புதன்கெழம இவளுக்கு வருசநாட்டுல தாலி கட்டுறாக."

"மாமியார் நீங்களேயா கட்டி வைக்கறீங்க?"

"தாலியறுத்த பிள்ளைக்கு மறுபடி கட்டி வைக்கிறது எங்கள்ல வழக்கந்தான். செத்தது அவன். இவ எதுக்கு மூலையில உக்காரணும்?"

சொல்லிக்கொண்டே அந்தப் பெண்ணின் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிடுகிறாள். அதை என்னால் பார்க்க முடியவில்லை. கும்பகோணத்தில் இருக்கும் என் மகளுக்கும் இதே வயதுதான். மாப்பிள்ளை இறந்த பத்தாம் நாள் நாவிதரைக் கூட்டி வந்து, அவள் தலையை மழிக்கச் சொன்னவன் நான்.

"ஒங்களுக்குப் பிள்ளைக இருக்காகளா சாமி?"

"ஒரே பொண்ணு."

"கட்டிக் குடுத்தாச்சா?"

கண்டக்டர் எல்லோரையும் ஏறச் சொல்கிறார். நான் நின்ற இடத்திலேயே நிற்கிறேன்.

"இனிமேதான்" என்கிறது என் வாய்.