கபடி அத்தை சக்கரம் கட்டிய நாற்பது நாள்

என் அத்தை முத்துமீனா தன் முப்பத்தொன்பதாவது வயதில் ஒரு பொய் சொன்னார். பெரிய பொய் இல்லை. "தெரியும் சார்" என்றார், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பொய்க்கு எட்டுச் சக்கரம் இருந்தது.

அத்தை கே.கே. நகரில் ஒரு தனியார் பள்ளியில் பி.டி. மிஸ். பிறந்தது பேரையூர்ப் பக்கம். கபடி ஆடி, மாவட்ட அணிக்குப் போய், அதை வைத்தே உடற்கல்வி படித்து, பதினான்கு வருடமாக அதே பள்ளியில் விசில் ஊதுகிறார். எங்கள் குடும்பத்தில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் அவர்தான். பேரையூரில் பஸ்ஸை விட்டு இறங்கி "பி.டி. மிஸ் வீடு" என்று கேட்டால் யாரும் வழி காட்டுவார்கள்.

அவர் ஏன் பொய் சொன்னார் என்று சொல்லிவிடுகிறேன். மூன்று வருடத்துக்கு முன் பள்ளித் தாளாளர், "யோகா தெரியுமா மிஸ்?" என்று கேட்டார். அத்தை உண்மையைச் சொன்னார். வெளியிலிருந்து ஒரு யோகா மாஸ்டர் வந்தார், அத்தையின் இரண்டு பீரியடுகள் போயின. அடுத்த வருடம் சிலம்பம் தெரியுமா என்றார். மறுபடி உண்மை. மறுபடி ஒரு மாஸ்டர், இன்னும் மூன்று பீரியடுகள் காலி. இப்போது அத்தைக்கு மிச்சமிருப்பது காலைப் பிரேயரில் வரிசை நிறுத்துவதும், நகம் பார்ப்பதும், மணி அடிப்பதும்தான். இன்னும் ஒரு விளையாட்டு கையை விட்டுப் போனால் பார்ட் டைம் ஆக்கிவிடுவார்கள் என்று ஸ்டாஃப் ரூமிலேயே பேசிக்கொண்டார்கள்.

இந்த ஏப்ரலில் தாளாளர் மீட்டிங் போட்டார்.

"ஜூன்ல இருந்து நம்ம ஸ்கூல்ல ஸ்கேட்டிங். ஒரே வரிசையில நாலு சக்கரம் இருக்குமே, அது. வெளிய ஒரு மாஸ்டரக் கேட்டு வச்சிருக்கேன். நம்ம ஸ்டாஃப்ல யாருக்காச்சும் தெரியுமா?"

"தெரியும் சார்."

"அட! எம்புட்டு நாளா?"

"சின்ன வயசுல இருந்தே சார்."

"அப்பத் திறப்பு விழாவுல பேரண்ட்ஸ் முன்னாடி நீங்களே ஒரு ரவுண்டு போயிக் காட்டிருங்க மிஸ். மாஸ்டரு வேணாம்னு சொல்லிர்றேன்."

விழா, பள்ளி திறந்ததும் வரும் முதல் சனிக்கிழமை. எண்ணிப் பார்த்தால் சரியாக நாற்பது நாள்.

அன்று சாயங்காலம் அத்தை இதையெல்லாம் சொல்லி முடித்தபோது அவர் கணவர் பீமாராவ் மாமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மாமா மின்வாரியத்தில் வேலை பார்ப்பவர், எதையும் அளந்துதான் பேசுவார். தண்ணீர் குடித்துவிட்டுக் கேட்டார்:

"சின்ன வயசுல உங்க ஊர்ல ரோடே கிடையாதே மீனா?"

மறுநாள் அத்தை, வெளியூருக்குப் படிக்கப் போகிற யாரோ ஒருவரிடம் ஒரு ஜோடி பழைய ஸ்கேட் வாங்கி வந்தார். ஆம்பளை அளவு. இரண்டு சாக்ஸ் போட்டும் உள்ளே கால் ஆடியது.

பழகுவதற்கு இடம் வேண்டும், தெரிந்தவர் கண்ணில் படவும் கூடாது. கீழக்குயில்குடி போகிற வழியில் பிளாட் போட்டு விற்காமல் கிடக்கிற ஒரு மனைப்பிரிவு இருக்கிறது. வாசலில் ஆர்ச், கலர் கொடி, உள்ளே அகலமான தார் ரோடு, மின்கம்பம் எல்லாம் உண்டு. வீடு மட்டும் ஒன்றுகூட இல்லை. பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் சுற்றிக்கொண்டிருந்த நானும், செல்போனில் ஸ்கேட்டிங் பாட வீடியோ ஓட்டிக் காட்டுவதற்காகக் காலை ஐந்தரைக்கு அத்தையின் ஸ்கூட்டியில் ஏறிக்கொண்டேன்.

அங்கே வாச்மேன் விருமாண்டி அண்ணன் எங்களைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"வாங்க தாயி, வாங்க. கார்னர் பிளாட்டு ரெண்டு இருக்கு, கிழக்குப் பாத்தது."

"பிளாட்டு வாங்க வரலண்ணே. இதப் பழக வந்தோம்" என்று அத்தை ஸ்கேட்டைக் காட்டினார்.

அவர் அதை வாங்கிச் சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பார்த்தார். "இத மாட்டுனா என்னாகும்?"

"விழுகணும். அப்புறம் எந்திரிக்கணும்."

"விழுகவா இம்புட்டுத் தூரம் வந்தீக?"

முதல் நாள் தார் ரோட்டுக்கே போகவில்லை. காய்ந்த புல்லில் ஸ்கேட்டை மாட்டிக்கொண்டு எழுந்து நிற்பது, உட்காருவது, மறுபடி எழுவது. குதிகாலைச் சேர்த்து முன்பாதத்தை அகட்டி வாத்து மாதிரி நடக்க வேண்டும் என்று வீடியோவில் சொன்னார்கள். முழங்காலை மடக்கு, உடம்பை முன்னால் சாய் என்றார்கள். பயந்தவர்கள் எல்லாரும் பின்னால்தான் சாய்வார்களாம், பின்பக்கமாகத்தான் விழுவார்களாம். அத்தைக்கு அந்தப் பிரச்சினையே வரவில்லை. கபடிக்காரருக்கு முழங்கால் தானாக மடங்கும்.

பிரச்சினை வேறு இடத்தில் இருந்தது. கபடியில் அத்தை பாடிப் போகிற ஆள் இல்லை, பிடிக்கிற ஆள். அதிலும் கணுக்கால் பிடி. இருபது வருடம் பழகிய கை அது. தடுமாறினால் மற்றவர்கள் கையைத் தரையில் ஊன்றுவார்கள். அத்தையின் கை பக்கத்தில் எந்தக் கால் இருக்கிறது என்று தேடும்.

மூன்றாம் நாள் தார் ரோட்டுக்கு வந்தார். முதல் அடியிலேயே சறுக்கினார். பக்கத்தில் மேய்ந்துகொண்டிருந்த ஒரு வெள்ளாட்டின் பின்னங்காலைக் கெட்டியாகப் பிடித்தார். ஆடு அலறிக்கொண்டு ஓட, குத்தவைத்த மேனிக்கு அத்தையும் பின்னால் போனார். பத்தடி இருக்கும். அத்தை வாழ்க்கையில் முதன்முதலாகச் சக்கரத்தில் உருண்டது அப்போதுதான்.

ஆட்டுக்காரம்மா ஓடி வந்தார். "ஏ தாயி! விடு! சினையாடு! உனக்கு வேற ஆடு கிடைக்கலையா?"

"தெரியாமப் பிடிச்சிட்டேன்க்கா!"

"தெரியாமப் பிடிக்கிற பிடியா இது? விட மாட்டேங்குறியே!"

ஐந்தாம் நாள் விருமாண்டி அண்ணன். நல்லெண்ணத்தில், "கையக் குடு தாயி" என்று கிட்டே வந்தார். அத்தை கையைக் கொடுக்கவில்லை, அண்ணனின் காலை எடுத்துக்கொண்டார். இரண்டு பேரும் கார்னர் பிளாட்டில் கிடந்தார்கள். அதன்பிறகு அத்தை ஸ்கேட்டின் பட்டையை மாட்டத் தொடங்கினாலே அண்ணன் நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார். யோசனை மட்டும் அங்கிருந்தே வரும்.

பன்னிரண்டாம் நாள், ஒரு மின்கம்பத்திலிருந்து அடுத்த மின்கம்பம் வரை எதையும் பிடிக்காமல் போனார். நான் கத்திய கத்தலில் சமணர் மலைப் பக்கமிருந்து நாய்கள் குரைத்தன. இருபதாம் நாள் வளைவு வந்தது. வராதது ஒன்றுதான். பிரேக்.

வலது ஸ்கேட்டின் குதிகாலுக்குப் பின்னால் ஒரு ரப்பர்க் கட்டை இருக்கும். நிற்க வேண்டுமானால் அந்தக் காலை முன்னே நீட்டி, விரல் பக்கத்தைத் தூக்கி, ரப்பரைத் தரையில் அழுத்த வேண்டும். கேட்க எளிது. ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு காலைத் தூக்கச் சொன்னால் உடம்பு ஒத்துக்கொள்வதில்லை. அத்தை தினமும் முள்வேலி வரை போய்ப் புல்லில் இறங்கித்தான் நின்றார்.

மே மாத நடுவில் ஒரு நாள், முட்டிக் காப்பு கிழிந்து தோல் உரிந்துபோனது. அத்தை எல்லைக் கல்லில் உட்கார்ந்து ஊதிக்கொண்டே சொன்னார்:

"பிள்ளைகளப் பாத்து 'பயப்படாத, குதி'ன்னு பதினாலு வருஷமாக் கத்திருக்கேன்டி. இம்புட்டுப் பயமா இருக்கும்னு எனக்கு யாருமே சொல்லல."

"விட்ருவோமா அத்தே?"

"விட்டுட்டு? பேரையூர்ல போயி மணியடிக்கிற மிஸ்ஸு வந்திருக்கேன்னு சொல்லவா?"

நாற்காலியிலிருந்து விருமாண்டி அண்ணன் குரல் கொடுத்தார். "பயமாயிருந்தா ஒரு பிளாட்ட வாங்கிப் போட்டுட்டு வீட்ல இருங்க தாயி. அதுவும் எங்கயும் ஓடாது."

அத்தை சிரித்துவிட்டார். எழுந்து பட்டையை இறுக்கினார். முப்பத்தாறாம் நாள், பத்து முறை பிரேக் அழுத்தினால் எட்டு முறை நின்றது.

விழாவன்று பள்ளி மைதானத்தில் வழவழவென்று புது சிமெண்டுத் தரை. ஓரத்தில் பந்தல், பந்தலுக்குள் பெற்றோர்கள், முன்வரிசை நடுவில் தாளாளர். பெஞ்சு மேல் முப்பது ஜோடிப் புது ஸ்கேட்டுகள், ஒவ்வொன்றிலும் சந்தனமும் குங்குமமும். அத்தைக்குப் பள்ளியே அளவான ஒரு ஜோடி கொடுத்திருந்தது. மாட்டிக்கொண்டு முட்டியை மடக்கித் தயாராக நின்றார். முகத்தில் பயம் தெரியவில்லை.

அப்போது பேயாண்டி அண்ணன் தாம்பாளத்தோடு வந்தார். பள்ளியின் மூத்த பஸ் டிரைவர். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் பஸ் சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைப்பது அவர்தான். புது வண்டிக்கு அது இல்லாமல் எப்படி? சக்கரத்துக்கு ஒரு பழம் என்று அவர் கேட்க, முப்பது ஜோடிக்கு இருநூற்று நாற்பது பழம் என்று தாளாளர் பெருக்கிப் பார்த்துத் திகைக்க, கடைசியில் மிஸ்ஸின் காலுக்கு ஒன்று வீதம் இரண்டு போதும் என்று முடிவாகியிருந்தது.

அண்ணன் சூடம் காட்டினார். குனிந்து இரண்டு பழங்களை முன்சக்கரங்களுக்கு முன்னால் வைத்தார்.

"நேரா ஏறி இறங்குங்க மிஸ்."

அத்தை பழத்தைப் பார்த்தார். "அண்ணே, இது பஸ்ஸு இல்லண்ணே. நான் அறுவது கிலோதான்."

"பஸ்ஸா ஆளான்னு பழத்துக்குத் தெரியுமா? ஏறுங்க."

"முன்னாடியே லேசா நசுக்கி வைங்கண்ணே."

"நசுக்கி வச்சா அது பூஜையா, ஜூஸ் கடையா? நல்ல நேரம் போகுது மிஸ்!"

அங்கே உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் வீட்டில் பைக்குக்கோ காருக்கோ எலுமிச்சம்பழம் வைத்தவர்கள்தான். கட்டைவிரல் உயரச் சக்கரத்துக்கு முன்னால் அதே அளவுப் பழத்தை வைத்தால் என்ன ஆகும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. உண்மையைச் சொன்னால் நானும் யோசிக்கவில்லை. பூஜை அழகாக இருக்கிறதே என்று வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன்.

அத்தை யோசித்தார். வலது காலை மெதுவாக முன்னே வைத்து, விரல் பக்கத்தைத் தூக்கி, பிரேக் ரப்பரைப் பழத்தின் மேல் வைத்து அழுத்தினார். பச்சென்று நசுங்கியது. இடது பக்கத்துப் பழம் சக்கரம் பட்டு நழுவி உருண்டோடித் தாளாளரின் ஷூவில் முட்டி நின்றது.

"ஒண்ணு நசுங்கிருச்சு, போதும்! போயிட்டு வாங்க!" என்றார் பேயாண்டி அண்ணன். கைதட்டல் எழுந்தது.

அத்தை கிளம்பினார். அந்த ரவுண்டை நான் இதுவரை நூறு தடவை பார்த்திருப்பேன், போனில் இருக்கிறது. தாழ்ந்த உடம்பு, நேரான பார்வை, இடது தள்ளு, வலது தள்ளு. முதல் வளைவு. இரண்டாம் வளைவு. மூன்றாவதில் கையைக்கூட வீசினார். பிள்ளைகள் "மிஸ்! மிஸ்!" என்று கத்தினார்கள். பந்தலுக்கு நேராக வந்தார். இனி நிற்க வேண்டியதுதான் பாக்கி. காலை நீட்டினார், விரலைத் தூக்கினார், ரப்பரை அழுத்தினார். எல்லாம் சரியாகத்தான் செய்தார்.

ரப்பர் முழுக்க எலுமிச்சைச் சாறு. வழுவழுத் தரை. ரப்பர் பிடிக்காமல் வழுக்கியது.

அத்தையின் உடம்பு தாழ்ந்தது. கை நீண்டது. அது எதைத் தேடுகிறது என்று அந்தப் பந்தலில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும்.

"சார், காலத் தூக்குங்க!" என்று கத்தினேன்.

தாளாளர் காலைத் தூக்கவில்லை. "என்னம்மா?" என்று என்னைத் திரும்பிப் பார்த்தார். சுத்தமான கணுக்கால் பிடி. நாற்காலியோடு சாய்ந்தார்.

பின்வரிசையிலிருந்து யாரோ ஒரு அப்பா, "அவுட்டு!" என்றார். பந்தலே சிரித்தது.

மூன்றாம் வகுப்பு இருக்கும், ஒரு சின்னப் பெண் முன்னால் வந்து அக்கறையாகக் கேட்டாள்: "மிஸ், பிரேக் இப்படித்தான் போடணுமா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். இதுவும் ஒரு வித்தை என்று சமாளித்திருக்கலாம். கைதட்ட அங்கே ஆள் இருந்தது. அத்தை தாளாளரின் காலை விட்டார். முட்டிக்காலை ஊன்றி எழுந்தார்.

"இல்லப்பா. இது தப்பு. எனக்கு இன்னும் பிரேக் சரியா வரல." பிறகு தாளாளருக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டுக்கொண்டே, எல்லாருக்கும் கேட்கிற மைதானக் குரலிலேயே சொன்னார்: "சார், சின்ன வயசுல இருந்து தெரியும்னு சொன்னது பொய் சார். நாப்பது நாளாத்தான் பழகுறேன்."

தாளாளர் பேண்ட்டைத் தட்டிவிட்டார். கிழிந்த டிராக் பேண்ட்டுக்குள் தெரிந்த அத்தையின் முட்டியைப் பார்த்தார், பழைய காயமும் புதுக் காயமுமாக இருந்தது.

"நாப்பது நாள்லயா இம்புட்டு?" என்றார். கொஞ்சம் கழித்துத்தான் கோபம் நினைவுக்கு வந்தது. "திங்கக்கிழமை ஆபீஸ்ல வந்து பாருங்க."

விழா முடிந்ததும் அம்மாக்கள் சிலர் ஆபீஸ் வாசலில் நின்று ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தாளாளரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "என் மகன் பயந்தாங்கொள்ளி சார். விழுந்தா என்ன ஆகும்னு தெரிஞ்ச மிஸ்ஸே சொல்லிக் குடுத்தா அனுப்புறேன்."

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அத்தை வீட்டில் பாத்திரம் மட்டும்தான் சத்தம் போட்டது.

திங்கள் காலை அத்தையோடு நானும் போய் வெளி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கால்மணி நேரம் கழித்து வந்தார். கையில் இரண்டு தாள். ஒன்று மெமோ. தவறான தகவல் சொன்னதற்கு மூன்று நாளில் விளக்கம் எழுதித் தர வேண்டும். இன்னொன்று டைம் டேபிள். ஸ்கேட்டிங், வாரத்துக்கு ஐந்து பீரியடு, எல்லாவற்றிலும் அத்தை பெயர். அடியில் பேனாவால் ஒரு நிபந்தனை: காலாண்டுத் தேர்வு வரைதான். அதற்குள் ஞாயிறுதோறும் முறையான பயிற்சியாளரிடம் போய்ப் பிரேக்கைக் கற்றுக்கொண்டு வர வேண்டும்.

"மெமோவுக்கு என்னன்னு எழுதப் போறீங்க அத்தே?"

அத்தை இரண்டு தாளையும் மடித்துப் பையில் வைத்தார். விசிலை எடுத்துக் கழுத்தில் போட்டார்.

"அதுக்கு மூணு நாளு இருக்குடி. ஃபர்ஸ்ட் பீரியடுக்கு அஞ்சு நிமிஷந்தான் இருக்கு."

மைதானத்தில் முப்பது பிள்ளைகளும் ஆளுக்கொரு ஜோடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்கள். அத்தை ஓடிப் போனார்.