பெட்டிக்குள் அடித்த மணி

எங்கள் ஊருக்குப் போன் வந்தது என்றால், என் மாமனார் வீட்டுக்கு வந்தது என்று அர்த்தம். உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகிற பஸ் நிற்கும் ஊர். அதைத் தாண்டி எங்களுக்குப் பெருமை எதுவும் கிடையாது. மாமனார் பஞ்சாயத்துத் தலைவர். மனு மேல் மனு போட்டு, மெட்ராஸ் வரைக்கும் அலைந்து, கறுப்பாக ஒரு போனைக் கொண்டுவந்து கூடத்தில் உட்கார வைத்தார். பக்கத்தில் என்னையும் உட்கார வைத்தார்.

"அடிச்சா எடுக்க ஆள் வோணும். நீ எங்கியும் போவாத" என்றார். அப்போது நான் கல்யாணமாகி வந்த புதிது. அந்த வீட்டுப் பெண்களில் எட்டாவது வரை படித்தவள் நான் ஒருத்திதான். அன்றோடு போச்சு. கோயிலுக்கும் இல்லை, கழனிக்கும் இல்லை. தென்னேரியில் இருக்கிற அம்மா வீட்டுக்குக் கிளம்பினாலும், "போனை யாரு பாக்கறது?" என்பார் மாமியார். மாட்டையாவது மேய அவிழ்த்து விடுவார்கள்.

டயலில் ஒரு சின்னப் பூட்டு. சாவி மாமனாரின் அரைஞாண் கயிற்றில். வருகிற போனை எடுக்கலாம், நாமாகச் சுற்ற முடியாது. ஊரே எங்கள் நம்பரைத்தான், ஆளைக் கூப்பிட்டுவிடச் சொல்லிப் பேசுகிற பி.பி. நம்பர் என்று எல்லாருக்கும் கொடுத்து வைத்திருந்தது. பட்டாளத்துப் பிள்ளை, பட்டணத்தில் பிரசவமான பெண், எல்லாருடைய சேதியும் என் காது வழியாகத்தான் போகும். பேச வருகிறவர்கள் கூடத்தில் நின்று பேசுவார்கள், மாமனார் வெற்றிலை மடித்துக்கொண்டே கேட்பார். யாருக்கு எந்த ஆபீசில் காரியம் நிற்கிறது, யார் யாரைப் பிடித்திருக்கிறார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஓட்டு வாங்க வேறென்ன வேண்டும்?

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். சாவுச் சேதி என்றால் பாதிச் சோற்றில் எழுந்து ஆள் அனுப்புவார். பேச்சுவார்த்தை இல்லாத வீடானாலும் அனுப்புவார். "நம்ம வூட்டுக்கு வந்த சேதி நம்ம வூட்ல தங்கக் கூடாது" என்பார். அதில் எனக்கும் கொஞ்சம் கர்வம் இருந்தது, பொய் சொல்வானேன்.

ரொம்ப வருஷம் கழித்துப் பஞ்சாயத்துத் தேர்தல் வந்தது. ஏரியின் கடைமடையில் கொஞ்சம் நிலம் வைத்திருந்த ஒருவர் மாமனாரை எதிர்த்து மனு போட்டார். ஏரித் தண்ணீர் எங்கள் கழனியெல்லாம் குடித்து மிஞ்சினால்தான் அவர்கள் பக்கம் எட்டிப் பார்க்கும். அந்த வயிற்றெரிச்சலில்தான் நின்றார். பாவம், அவருக்கு மட்டும் வேறு நம்பர் ஏது? அவரை ஆதரித்த உத்திரமேரூர் விவசாயச் சங்க ஆபீசில் எங்கள் நம்பரையே கொடுத்திருந்தார். எதிர்த்து நிற்கிறவர் வீட்டு நம்பர்!

ஒரு நாள் காலையில் அந்த ஆபீசிலிருந்து ஒரு பையன் பேசினான். கடைமடைக்காரர் மனுவில் தப்பு இருக்கிறதாம். நாளைக்கு மூன்று மணிக்குள் அவரே வந்து வேறு மனு போடாவிட்டால் தள்ளுபடியாம். "மறக்காம சொல்லிடுங்கம்மா" என்று தன் ஆபீஸ் நம்பரையும் சொன்னான். மாமனார் நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வழக்கம்போல அப்படியே ஒப்பித்தேன்.

"ஆங், சொல்லிக்கலாம். நீ மோர் ஊத்து."

மோர் ஊற்றினேன். ஆள் போகவில்லை. மத்தியானமும் போகவில்லை, விளக்கு வைக்கிற வரைக்கும் போகவில்லை. மறுநாள் காலையில் மாமனார் ஏரிக்கரைக்குக் கிளம்பியபோதுதான் எனக்கு உறைத்தது. சேதி எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது. எனக்கு அந்த ஆள் உறவுமில்லை, பங்காளியுமில்லை. ஆனாலும் உடம்பெல்லாம் எரிந்தது. இதற்காகவா என்னை இத்தனை வருஷம் இதன் பக்கத்தில் கட்டிப் போட்டார்கள்?

யாரிடம் சொல்லி அனுப்புவது? சாணி வாருகிறவளிலிருந்து வண்டி ஓட்டுகிறவர் வரை எல்லாரும் மாமனார் ஆட்கள். என் வீட்டுக்காரருக்கு வாலாஜாபாத்தில் உர டிப்போவில் வேலை, ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். அவர் ஒருமுறை ஒரு வித்தை காட்டியிருந்தார். "அப்பா லாக் போட்டா இன்னா? ரிசீவர் வைக்கிற எடத்துல பொத்தான் கீது பாரு. எந்த நம்பர் வோணுமோ அத்தினி தட்டு தட்டு. பூஜ்யத்துக்குப் பத்து தட்டு" என்று தட்டி, சிநேகிதனோடு பேசிச் சிரித்தார்.

மாமியார் பின்கட்டில் துணி அலசிக்கொண்டிருந்தார். தட்டினேன். "ரைஸ் மில்லுங்க!" என்றது ஒரு குரல். சட்டென்று வைத்தேன். தட்டு ஒன்று கூடிப்போயிருக்கும். நிதானமாக மறுபடி தட்டினேன். அதே பையன் எடுத்தான்.

"நேத்து சொன்னியே, அந்தச் சேதி அவருக்குப் போவலப்பா. இங்கருந்து போவாது. நீங்களே ஆளை அனுப்புங்க."

"நீங்க யாரும்மா?" என்றான். வைத்துவிட்டேன். சேதி போய்ச் சேர்ந்துவிட்டது. கடைமடைக்காரர் மூன்று மணிக்கு முன்னாலேயே போய் மனு போட்டுவிட்டார்.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் அந்தப் பையன் நல்ல பிள்ளை. குரலை அடையாளம் வைத்துக்கொண்டு, நன்றி சொல்ல மறுநாள் போன் பண்ணினான். அடப்பாவி! எடுத்தது மாமனார். "ஆமா... ஆமா... சொல்றேன்" என்று வைத்தார். என்னைப் பார்க்கவே இல்லை. மாமியாரிடம், "ஒம் மருமவளுக்கு நன்றி சொன்னாங்கோ" என்றார். அவ்வளவுதான். நாலு அறை அறைந்திருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது.

அடுத்த நாள் ஆசாரி வந்தார். போன் உட்காரும் அளவுக்கு மரப்பெட்டி செய்து, மூடி போட்டு, பெரிய பூட்டாகத் தொங்கவிட்டார். அந்தச் சாவியும் அரைஞாணுக்குப் போனது. இனி போனைப் பார்க்க ஆள் வேண்டாமே, அம்மா வீட்டுக்குப் போகட்டுமா என்று கேட்டேன். "அதெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம்" என்றார் மாமியார். போனும் உள்ளே, நானும் உள்ளே.

ஓட்டு எண்ணுகிற அன்று மாமனார் வெள்ளை வேட்டியோடு நாலு பேர் புடைசூழ யாரோ ஒருவர் காரில் உத்திரமேரூர் போனார். மத்தியானம் பெட்டிக்குள் மணி அடித்தது. மாமியார் ஓடி வந்தார். "ஜெயிச்சிட்டாரோ இன்னாவோ! எடுடீ!" எதை எடுப்பது? பூட்டைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். மணி நின்றது, மறுபடி அடித்தது. இருவரும் பெட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றோம்.

அப்போதுதான் கீழத்தெருப் பக்கம் வெடிச் சத்தம் கேட்டது. சைக்கிளில் ஆள் வந்து சொல்லியிருக்கிறான். கடைமடைக்காரர் ஜெயித்துவிட்டார். மாமியார் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் அடுப்பங்கரைக்குப் போய், முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டேன். சிரிப்பா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை.

பொழுது சாயும்போது மாமனார் டவுன் பஸ்ஸில் தனியாக வந்து இறங்கினார். கூடப் போன காரும் இல்லை, ஆளும் இல்லை. வேட்டியெல்லாம் புழுதி. கூடத்தில் நின்று, அத்தனை நாளைக்கு அப்புறம் முதல்முறையாக என்னைப் பார்த்துப் பேசினார்.

"என்னைக் கூட்டியார நம்ம டிராக்டர அனுப்பச் சொல்லி எத்தினி வாட்டி போன் பண்ணிக்கினு கெடந்தேன்! ஏன் எடுக்கல?"

"சாவி உங்க இடுப்புலதான மாமா கீது" என்றேன்.