சர்ப்ரைஸ் கொண்டுபோனவள்

நான் வேலை பார்த்த துணிக்கடையை மூடியபோது எனக்கு வயது முப்பதைத் தாண்டியிருந்தது. கலியாணம் ஒன்றும் பொருந்தி வரவில்லை. கோப்பாயில் அம்மாவோடும் அக்காவோடும் இருந்தேன். அக்கா புருஷனை விட்டுவிட்டு வந்தவள். கேக் அடிப்பதில் கெட்டிக்காரி. எங்கள் இருவரையும் ஒன்றாகக் காணும்போதெல்லாம் அம்மா, "ரண்டும் என்ரை தலையிலைதான்" என்பார். கோபமாகச் சொல்லமாட்டார். இன்றைக்கு வெயில் அதிகம் என்பதுபோலச் சொல்லுவார்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊரில் இருக்கும் தாய் தகப்பனுக்குப் பிறந்தநாள் கேக் அனுப்பும் பழக்கம் அப்போது எங்கள் பக்கம் நன்றாகப் பரவியிருந்தது. லண்டனில் இருக்கும் மகன் இணையத்தில் கேக், பூங்கொத்து, பலூன் எல்லாம் பார்த்துத் தெரிவுசெய்வான். இங்கே ஒருவர் அவற்றைக் கொண்டுபோய், சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குள் நுழைந்து, பாட்டுப் போட்டு, தாய் திகைப்பதையும் கண்கலங்குவதையும் வீடியோ எடுத்து அனுப்பவேண்டும். அதற்குப் பெயர் சர்ப்ரைஸ். கேக்கைவிட அந்த வீடியோதான் விலைப்படுகிறது என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

அக்கா செய்து தர நான் கொண்டுபோவது என்று பேசி, இணையத்தில் ஒரு பக்கம் திறந்தோம். கனடாவில் இருக்கும் அண்ணையை அழைத்து, சிநேகிதர்களுக்குச் சொல்லிவிடும்படி கேட்டேன்.

"உனக்குக் கடையிலை துணி வெட்டிக் குடுக்கவே நேரா வராது. நீ பிசினஸ் செய்யப்போறியோ?" என்றார். "என்ரை பேரை மட்டும் உதுக்குள்ளை இழுக்காதை."

பின்னால் யாரோ சிரித்தார்கள். அண்ணி. நான் கதைத்ததெல்லாம் அங்கே வீடு முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

முதல் மாதங்களில் எங்கள் பக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் சொந்தக்காரர்கள். வந்து பார்த்தார்கள். ஒருவரும் ஒன்றும் வாங்கவில்லை. கோயிலில் கண்டால் மட்டும், "என்ன, கேக் எல்லாம் ஓடுதோ?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போனார்கள்.

முதல் உண்மையான ஓடர் சுவிஸில் இருந்து வந்தது. யாழ்ப்பாணம் ரவுனில் இருக்கும் தகப்பனுக்கு மகள் அனுப்புகிறாள். பகல் ஒரு மணிக்குப் போகவேண்டும். சித்திரை வெயில். கேக் பெட்டியை ஸ்கூட்டியின் கால் வைக்கும் இடத்தில் வைத்து, இரண்டு முழங்காலாலும் அணைத்துக்கொண்டு ஓட்டிப்போனேன். போய்த் திறந்தால், அக்கா பட்டர் ஐசிங்கில் வைத்த ரோசாப்பூக்கள் எல்லாம் ஒருபக்கமாக வழிந்து கிடந்தன. 'அப்பா' என்று எழுதியதில் ஒரு புள்ளி மட்டும் மிஞ்சியிருந்தது. மகள் வீடியோ அழைப்பில் பார்த்துக்கொண்டிருந்தாள். தகப்பன் பாவம், "பறவாயில்லைப் பிள்ளை, வயித்துக்குள்ளை போனால் எல்லாம் ஒண்டுதான்" என்று ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டார். மகள் திரையில் அதைப் படம் பிடித்துக்கொண்டாள்.

அன்று பின்னேரமே படத்தை எங்கள் ஊர்க்காரர்கள் நிறையப் பேர் இருக்கும் ஒரு குழுவில் போட்டுவிட்டாள். "இது கேக்கோ, மாடு போட்டதோ?" என்று மேலே எழுதியிருந்தாள். கீழே வரிசையாகச் சிரிப்பு முகங்கள். பள்ளிக்கூடத்தில் பத்து வருடம் என் பக்கத்தில் இருந்து படித்தவள் மூன்று சிரிப்பு முகம் போட்டிருந்தாள். எங்கள் ஒழுங்கை முடக்கில் இருக்கும் மாமி வேலை மினக்கெட்டு வந்து, தன் தொலைபேசியில் அம்மாவுக்கு ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினார். அம்மா கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, "உனக்குச் சந்தி சிரிச்சால் காணாது, உலகமே சிரிக்கவேணும் என்ன?" என்றார்.

அக்கா அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. மீன் சந்தைக்குப் போய், ஐஸ் போட்டு மீன் வைக்கும் வெள்ளைப் பெட்டி ஒன்று வாங்கிவந்தேன். தேசிக்காய்த் தோலும் சவர்க்காரமும் போட்டுத் தேய்த்துத் தேய்த்து, நாற்றம் போகும்வரை வெயிலில் காயவைத்தேன். ஒன்றுக்கும் உதவாத கேக் ஒன்றில் அக்காவை ஐசிங் பூசித் தரச்சொல்லி, அதைப் பெட்டியில் வைத்துக்கொண்டு உரும்பிராய்வரை போய்த் திரும்பி வருவேன். தெருவில் எந்தக் கிடங்கில் விழுந்து எழும்பினால் கேக் சரிகிறது, எந்த வேகத்தில் பூ உதிர்கிறது என்று பார்ப்பேன். தெருவில் நின்றவர்கள், "பெட்டை மீன் விக்கப் போகுது" என்று சொல்லிச் சிரித்தார்கள். வெயில் ஏறமுன் மட்டுமே கொண்டுபோவது, பெயரைச் சின்ன அட்டையில் எழுதிப் படலையடியில் வைத்துக் கேக்கில் குத்துவது, வெள்ளிக்கிழமைக்கு முட்டை போடாமல் செய்வது என்று ஒவ்வொன்றாகப் படித்தோம். மெல்ல மெல்ல ஓடர் வந்தது. இனிச் சரி என்று நினைத்தேன்.

அப்போதுதான் ஒரு மனிதன் எழுதினான். வெளிநாடு. மிக மரியாதையாக எழுதினான். உரும்பிராயில் ஒரு வீடு, ஒரு பெண்ணுக்குப் பிறந்தநாள். ஞாயிறு காலை பத்து மணி, முந்தவும் கூடாது, பிந்தவும் கூடாது. முன்னதாக ஒருவருக்கும் தெரியப்படுத்தக்கூடாது. வீட்டுக்கு உள்ளே போய்த்தான் பாட்டுப் போடவேண்டும். கேக்கில், 'என் உயிருக்கு, என்றும் உன்னவன்' என்று எழுதவேண்டும்.

"புருஷனோ?" என்று அக்கா கேட்டாள்.

"வேறை ஆர் உப்பிடி எழுதுவினம்?" என்றேன்.

போனபோது வாசலில் ஒரு வான் நின்றது. படியில் நிறையச் செருப்புகள். பிறந்தநாளுக்கு வந்த ஆட்கள் என்று எனக்குச் சந்தோஷம். ஆட்கள் நிறைந்த வீட்டில் வீடியோ வடிவாக வரும். ஒரு கையில் கேக்கும் மற்றக் கையில் தொலைபேசியுமாக, பாட்டைப் போட்டுக்கொண்டு நேரே ஹோலுக்குள் போய்விட்டேன்.

கதிரைகளில் பட்டு உடுத்த பெண்கள். நடுவில் வேட்டி கட்டிய ஒரு இளைஞன். சேலை உடுத்த ஒரு பெண் தேநீர்த் தட்டோடு அவன் முன்னால் குனிந்து நின்றாள். பெண் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று எனக்கு விளங்கியபோது, மாப்பிள்ளையின் தாய் எழும்பி வந்து கேக்கில் எழுதியிருந்ததை வாசிக்கத் தொடங்கிவிட்டார். பள்ளிக்கூடத்தில் வாசிப்பதுபோல, சொல்லுச் சொல்லாக, எல்லோருக்கும் கேட்க. பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. என் இரண்டு கையிலும் சாமான். எனக்கு அதை நிற்பாட்டத் தெரியவில்லை.

"ஆர் பிள்ளை உன்னை அனுப்பினது?" என்று பெண்ணின் தகப்பன் கேட்டார். நான் பெயரைச் சொன்னேன். சொல்லியிருக்கக்கூடாது. அந்தப் பெயர் அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

"எழும்புங்கோ, போவம்" என்றார் மாப்பிள்ளையின் தாய்.

அவர்கள் செருப்பு மாட்டும் சத்தம் அடங்கியது. அந்தப் பெண் தட்டை மேசையில் வைத்தாள். ஒரு துளி சிந்தவில்லை. என் கிட்டே வந்து தொலைபேசியைக் காட்டி, "என்ரை முகம் வடிவா விழுந்திருக்கோ? அவன் அதுக்குத்தானே காசு கட்டினவன்" என்றாள்.

படலையடியில் அவளுடைய தமையன் என்னை அறைந்தார். தொலைபேசியைப் பறித்துத் தெருவில் அடித்தார். கேக்கை மதிலுக்கு வெளியே எறிந்தார். அயல் வீடுகளில் இருந்து எட்டிப் பார்த்தவர்களில் ஒருவர்கூட வரவில்லை. கன்னம் எரிய எரிய ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டு சந்திவரை நடந்தேன்.

அம்மாவிடம் மறைக்க முடியவில்லை. கன்னத்தில் விரல் அடையாளம் இருந்தது. கேட்டு முடித்துவிட்டு, "உனக்குத்தான் வாழ்க்கை இல்லை. அந்தப் பிள்ளைக்கு வந்ததையும் கெடுத்துப்போட்டு வந்திருக்கிறாய்" என்றார்.

புதிய தொலைபேசி எடுத்துப் பக்கத்தைத் திறந்தபோது, அந்த மனிதன் எங்களுக்கு ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தான். 'சொன்ன நேரத்துக்குச் சரியாகப் போனார்கள். நேர்மையானவர்கள். எல்லோரும் நம்பி ஓடர் கொடுக்கலாம்' என்று எழுதியிருந்தான். அதை அழிக்க எனக்கு வழி தெரியவில்லை. அந்தக் கிழமை, அதை வாசித்துவிட்டு வந்ததாகச் சொல்லி இரண்டு பேர் ஓடர் தந்தார்கள்.

அக்கா இனிச் செய்யமாட்டேன் என்றாள். நான் ஒரு மாதம் பக்கத்தைப் பூட்டிவைத்தேன். நகரத்தில் வேலை தேடினேன். ஒரு கடையில் முதலாளி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீர்தானே அந்தக் கேக்குக்காரி?" என்று கேட்டார். வேறு வேலை இனிக் கிடைக்காது என்று அங்கேயே தெரிந்துபோயிற்று. மன்னிப்புக் கேட்க உரும்பிராய்க்கும் போனேன். படலை திறக்கவில்லை. அந்தப் பெண் விறாந்தையில் நின்றபடியே என்னைப் பார்த்தாள்.

"இன்னும் உந்த வேலைதான் செய்யிறீரோ?"

"திரும்பத் தொடங்கப்போறன்."

"தொடங்கும். உமக்கு என்ன, ஓர் அடியோடை முடிஞ்சுது" என்றுவிட்டு உள்ளே போனாள்.

திரும்பத் தொடங்கினேன். இந்த முறை, கேக் போகும் வீட்டில் அல்லது அயலில் இருக்கும் ஒருவருடைய தொலைபேசி இலக்கம் தராதவர்களுக்குச் செய்வதில்லை என்று எழுதிவிட்டேன். அவரை அழைத்து, கேக்கில் என்ன எழுதப்போகிறோம் என்று வாசித்துக் காட்டிச் சம்மதம் கேட்டபிறகுதான் அக்கா அடுப்பு மூட்டுவாள். பலர் கோபித்தார்கள். "சொல்லிப்போட்டுக் குடுக்கிறதுக்கு என்னத்துக்குச் சர்ப்ரைஸ்?" என்று கேட்டு வேறு இடத்துக்குப் போனார்கள். எங்களைப்போலத் தொழில் செய்த ஒருவர், எங்களைக் கிண்டல் பண்ணி ஒரு வீடியோவே போட்டார். அதையும் பார்த்தோம். பிறகு ஒருநாள் அவர், கேக்கும் பலூனுமாய் ஒரு செத்தவீட்டுக்குள் போய்விட்டார். அதன்பின் ஆட்கள் எங்களிடம் வரத் தொடங்கினார்கள். அந்தச் செய்தி கேட்ட அன்று நான் சந்தோஷப்பட்டேன். செத்தது யார் என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை.

இப்போது தொழில் நடக்கிறது. அக்காவோடு இன்னும் இரண்டு பெண்கள் வேலை செய்கிறார்கள். அண்ணை தன் மாமியாருக்கு எங்களிடம்தான் கேக் எடுக்கிறார். "நான் அப்பவே சொன்னனான், நீ முன்னுக்கு வருவாய் எண்டு" என்கிறார். அம்மா அயலாருக்குப் பலூன் காட்டுகிறார்.

போன மாதம் சாவகச்சேரிப் பக்கம் ஒரு தாய்க்குக் கொண்டுபோனேன். தனியே இருப்பவர். அயல்வீட்டுப் பெண்ணிடம் கேட்டு, எல்லாம் ஒழுங்காகச் செய்திருந்தேன். அந்த அம்மா கேக்கைப் பார்த்தார், பலூனைப் பார்த்தார். "சரி, அங்காலை வையும்" என்றார். அவ்வளவுதான்.

வீடியோவைப் பார்த்த மகன் லண்டனில் இருந்து அழைத்தார். "என்ன உது? அம்மா சிரிக்கவே இல்லை. நான் இதை என்னெண்டு ஆக்களுக்குக் காட்டுறது? புதுக் கேக்கோடை போய்த் திரும்ப எடுங்கோ."

"அவவுக்குச் சீனி வருத்தமாம். கேக் சாப்பிடமாட்டாவாம்."

"சாப்பிடத் தேவையில்லை. சிரிச்சால் காணும்."

மறுநாள் காலை போனேன். முதல்நாள் கேக் பெட்டியோடு குசினி மேசையில் இருந்தது. எறும்பு மொய்த்திருந்தது. அந்த அம்மா கேள்வி ஒன்றும் கேட்காமல் முகம் கழுவி, வேறு சேலை உடுத்து வந்து கதிரையில் இருந்தார். நான் தலையில் வைத்த கடதாசித் தொப்பியையும் பேசாமல் வைத்துக்கொண்டார்.

"எவ்வளவு நேரம் பிள்ளை சிரிக்கவேணும்?"

"பாட்டு முடியும்வரைக்கும் அம்மா."

சிரித்தார். பாட்டு முடியும்வரை சிரித்தார். பற்கள் தெரிய, கண்கள் சுருங்க, மிக வடிவாக. முடிந்ததும் தொப்பியைக் கழற்றி, மடிப்புக் குலையாமல் என் கையில் தந்தார். "வேறை ஆருக்கும் உதவும், கொண்டுபோம்" என்றார்.

மகன் அதை உடனே இணையத்தில் போட்டார். பார்த்தவர்கள் எல்லோரும் அழுததாக எழுதினார்கள். பின்னேரம் கனடாவில் இருந்து ஒரு பெண் எங்களுக்கு எழுதினாள்: 'அந்த அம்மா சிரித்தமாதிரி எங்கள் அம்மாவும் சிரிக்கவேண்டும். முடியுமா?'

முடியும் என்று எழுதிவிட்டு, நாளைக்கு இன்னும் ஒரு கேக் செய்யவேண்டும் என்று அக்காவுக்குச் சொன்னேன்.