சாம்பார் கவருக்குள் பாப்பாவின் போன்

பாப்பா ஜெயித்தவற்றை முதலில் சொல்லிவிட வேண்டும். கூடையோடு ஏறினால் பஸ் நாறும் என்று நடுவழியில் இறக்கிவிட்ட கண்டக்டர்களை ஜெயித்தாள். பனையூர் குப்பத்திலிருந்து தலைச்சுமையாக நடந்தே வந்து மீன் விற்றாள். தாம்பரம் கேம்ப் ரோடு முனையில் மீன்காரிக்கு இடம் கிடையாது என்று பூக்கடைக்காரரும் டீக்கடைக்காரரும் சேர்ந்து விரட்டியபோது, அதே முனையில் அருவாமணையைப் போட்டு உட்கார்ந்தாள். புருஷன் காசிமேட்டில் இன்னொரு குடித்தனம் வைத்துக்கொண்டு போன பிறகும் பெண்ணைப் பன்னிரண்டாவது வரை படிக்க வைத்தாள். சுனாமிக்குப் பிறகு, அத்தனையும் பொணம் தின்ற மீன் என்று ஊரே முகம் சுளித்த காலத்தில், கூடைக்குப் பக்கத்திலேயே சட்டி வைத்து சங்கரா குழம்பு கொதிக்கவிட்டு, போகிறவர் வருகிறவர் பார்க்கத் தானே தின்று காட்டினாள். வியாபாரம் மெல்லத் திரும்பி வந்தது.

இத்தனையையும் ஜெயித்தவள் ஒரு செல்போன் கவரிடம் தோற்றுக்கொண்டிருந்தாள் என்பதுதான் அவள் அண்ணன் துலுக்காணத்துக்குப் பொறுக்கவில்லை.

துலுக்காணம் ஐந்தாவது வரை படித்தவன். மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தும் மீன் கவிச்சி ஆகாதவன். கடலுக்குப் போகாமல் லோடு ஆட்டோ ஓட்டப் போனதே அதனால்தான். விதி விட்டதா? தங்கச்சியின் மீன் கூடைகளைத் தினமும் அதே ஆட்டோவில்தான் ஏற்றிவந்தான். இறக்கிய கையோடு பினாயில் ஊற்றி இண்டு இடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவி, மோந்து பார்த்து, திரும்பவும் கழுவுவான். 'ஆட்டோ ஆஸ்பத்திரி மாதிரி நாறுது' என்று பாப்பா கிண்டல் செய்வாள்.

சிட்லபாக்கத்து வீடுகளிலிருந்து 'வஞ்சரம் இருக்கா' என்று கேட்பதற்காக அவளுக்கு ஒரு போன் வாங்கிக் கொடுத்ததும் அவன்தான். ஆடி மாதம் முடிவதற்குள் அது செத்துப்போனது. தாம்பரம் ஸ்டேஷன் எதிர்ச் சந்தில் செல்போன் கடை வைத்திருந்த ஜெயகிருஷ்ணனிடம் இருவரும் எடுத்துப்போனார்கள். அவர் திருப்புளியால் பின்பக்கத்தைக் கழற்றியதும் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். பட்டன்களுக்கு அடியில் மீன் செதில் ஜிகினா ஒட்டியது போல மின்னியது. அதன்மேல் மஞ்சளாக ஒரு கொழகொழப்பு. பேட்டரியின் ஓரத்தில் வெள்ளையாக ஒன்று நெளிந்தது.

"ஏங்க, இது போனா, மீன் தொட்டியா?" என்றார் ஜெயகிருஷ்ணன். ஊதுவத்தி ஒன்றைக் கொளுத்தி கல்லாப்பெட்டி இடுக்கில் செருகினார். "இதை நான் தொடமாட்டேன். வேற செட்டு வாங்கிக்கோங்க. வாங்கினதும் முதல் வேலையா நல்ல கவரா போடுங்க."

துலுக்காணத்துக்குக் குமட்டியது. அதைவிட, அந்தப் போனை அவர் ஒரு காகிதத்தால் தள்ளித் தள்ளித் திருப்பிக் கொடுத்த விதம் அவனைச் சுட்டது. தங்கச்சியையே காகிதத்தால் தள்ளியது போல இருந்தது.

பழைய செட்டு ஒன்றை வாங்கினார்கள். அந்த வாரத்தில்தான் லாசரஸ் வந்தார். சேலையூர் பக்கம் ஆண்கள் ஹாஸ்டல் ஒன்றில் மெஸ் எடுத்து நடத்துகிறவர். பாப்பாவின் மீனைச் செவுள் தூக்கிப் பார்த்தார், பிடித்துவிட்டது.

"புதனும் வெள்ளியும் எனக்கு மீன் வேணும்மா. எத்தனை பசங்க சாப்பிடறாங்கன்னு காலைலதான் தெரியும். தெரிஞ்சதும் போன் பண்ணுவேன். நீ எடுக்கலைன்னா நான் வேற ஆளைப் பாத்துப்பேன். ரெண்டாவது வாட்டியும் எடுக்கலைன்னா உன் நம்பரையே அழிச்சிடுவேன். தப்பா நெனைக்காதே, பசங்க பசி காத்துக்கினு இருக்காது. இந்த மாசம் பாப்போம். சரியா வந்தா எழுதிக் கையெழுத்தே போட்டுக்கலாம்."

பாப்பாவுக்கு அது சின்ன விஷயமில்லை. கேம்ப் ரோட்டை அகலப்படுத்தப்போகிறார்கள், நடைபாதைக் கடையெல்லாம் போய்விடும் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஹாஸ்டல் கிடைத்துவிட்டால் முனை போனாலும் பிழைத்துக்கொள்ளலாம். கிடைக்காவிட்டால் திரும்பவும் கூடையும் தலையும்தான்.

சிக்கல் என்னவென்றால், லாசரஸ் கூப்பிடுகிற நேரம் அவள் கழுத்தளவு மீனில் இருக்கும் நேரம். ஒரு கையில் மீன், இன்னொரு கையில் குடல், காலடியில் அருவாமணை. துடைத்துக்கொண்டு எடுப்பதற்குள் மணி நின்றுவிடும். துடைக்காமல் எடுத்தால் போன் முதல் போன் போன வழியிலேயே போகும்.

கவர் வாங்க மறுபடி ஜெயகிருஷ்ணன் கடை. பாப்பா மாடலில் கைவைக்கப் போனாள்.

"கை படாம பாருங்கக்கா. ஷோவுக்கு வச்சது."

"கை படாம எப்டி சார் கவர் வாங்கறது? கண்ணாலயா மாட்டறது?"

துலுக்காணத்துக்கு முகம் கறுத்தது. கடையிலேயே விலை கூடிய கறுப்புத் தோல் பவுச்சைக் காட்டி, "இத்த எடுங்க" என்றான். பளபளவென்று, அழுத்து பட்டன் வைத்தது. ஆபீசர்கள் இடுப்பில் மாட்டிக்கொள்வது.

"ஒரு கையால தொறக்க வரலியேண்ணா" என்றாள் பாப்பா.

"பழகினா வரும். நீ இன்னா மட்டமா? போடு."

தோல் மீன் தண்ணீரைக் குடித்தது. குடித்ததை வெளியே விடவேயில்லை. சீக்கிரமே அதிலிருந்து எழுந்த நாற்றம், அழுகின கடம்பா மீனைக் கோணியில் கட்டிப்போட்டது போல இருந்தது. பாப்பா காதில் வைத்துப் பேசினால் ஈக்களும் கூடவே வந்து கேட்டன. வாங்க வந்த அம்மாக்கள் மீனைப் பார்ப்பதை விட்டுவிட்டுப் போனையே மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தார்கள்.

துலுக்காணம் அதை எடுத்துவந்து, குப்பத்தில் கவிச்சி போக்குகிற முறைப்படியே செய்தான். புளி கரைத்து ஊறவைத்தான், கல்லுப்பு போட்டுத் தேய்த்தான், மஞ்சள் பூசினான். தையல் ஓரங்களைத் தென்னங்குச்சியால் சுரண்டினான். பிறகு நெத்திலி காய்கிற மணலிலேயே ஒரு பாய் ஓரமாகக் காயவைத்தான். அவன் செய்வது எதுவும் அரைகுறையாக இருக்காது. மாலையில் பார்த்தால் பவுச் உப்புப் பூத்து, விறைத்து, அசல் கருவாடாகிக் கிடந்தது. போன் அதற்குள் நுழையவில்லை. அவன் அதை வளைத்துப் பார்த்துவிட்டுக் கீழே போட்டதும் ஒரு நாய் கவ்விக்கொண்டு ஓடியது. படகடியில் உட்கார்ந்து ஒரு கடி கடித்தது. உடனே துப்பிவிட்டு, நாக்கை மணலில் தேய்த்தது.

பாப்பா சிரித்துச் சிரித்து மணலில் உட்கார்ந்துவிட்டாள். "நாயே துப்பிடிச்சிண்ணா! கருவாட்டுக்கே கேவலம் பண்ணிட்டியே!"

அடுத்தது ரப்பர் கவர். போனுக்குச் சட்டை போட்டது போலக் கச்சிதமாக இருந்தது; கழற்றவே வேண்டாம், அப்படியே பேசலாம். ஆனால் ரப்பருக்கும் போனுக்கும் நடுவே செதிலும் சளியும் போய்த் தங்கின. துலுக்காணம் தினமும் அதை உரித்துக் கழுவினான். உரிக்கும்போது வருகிற சத்தமே அவனுக்குச் சோறு இறங்காமல் செய்தது. ஈரக் கையில் அது விலாங்கு போல வழுக்கும். ஒரு புதன்கிழமை, லாசரஸ் அழைப்பு வந்தபோது வழுக்கியே விட்டது. நேரே குடல் வாளிக்குள் விழுந்தது.

வாளிக்குள்ளிருந்து மணி அடித்தது. பாப்பாவின் இரண்டு கையிலும் வஞ்சரம். எதிரே நாலைந்து பேர். "ண்ணா! எட்றா!" என்று கத்தினாள்.

துலுக்காணம் சட்டைக் கையை மடித்தான். கண்ணை மூடிக்கொண்டான். முழங்கை வரை விட்டான். வெதுவெதுவென்று எதுவோ விரல்களைச் சுற்றிக்கொண்டது. செவுளா, ஈரலா, பித்தப்பையா, அவன் பார்க்கவில்லை. ஓங்கரித்துக்கொண்டே துழாவி அவன் வெளியே எடுக்கும்போது மணி நின்றுவிட்டது. திரும்பக் கூப்பிட்டால் லாசரஸ், "வேற ஆளுக்குச் சொல்லிட்டேம்மா. இது ஒண்ணு" என்று வைத்துவிட்டார்.

இனி ஒன்றுதான் பாக்கி. போன் மட்டும் எப்படியோ பிழைத்திருந்தது.

மறுநாள் காலை துலுக்காணம் ஆட்டோவைக் கழுவிவிட்டு வந்து பார்த்தபோது, பாப்பாவின் கழுத்தில் ஒரு கயிற்றில் பொட்டலம் தொங்கியது. ஓட்டலில் சாம்பார் கட்டிக்கொடுக்கிற கண்ணாடிப் பாலிதீன் கவர். அதற்குள் போன். வாயை முறுக்கி ரப்பர் பேண்டு போட்டிருந்தாள்.

"அய்ய, இன்னாடி இது?"

"கவரு. மேலயே அமுக்கினா பட்டன் அமுங்குது. காதுல நல்லாவே கேக்குது. சாயந்தரம் கயட்டித் தூக்கிப் போட்டுட்டா முடிஞ்சிது. நாளிக்கு வேற."

"சட்னி கட்டினாப்ல கீது. பாக்கறவன் இன்னா நெனைப்பான்? ஒரு போன் கவருக்கு வக்கில்லாத மீன்காரின்னு நெனைக்க மாட்டான்?"

"மீன்காரிதானேண்ணா."

அவனுக்கு அருவருப்பாக இருந்தது. அந்தப் பாலிதீனின் மேல் ரத்தமும் சளியும் வழிந்து, உள்ளே போனின் வெளிச்சம் மங்கலாகத் தெரிந்ததைப் பார்க்கவே சகிக்கவில்லை. என் தங்கச்சிக்கு இது போதுமா என்ற எண்ணம் அதற்கு மேல் அறுத்தது. நேரே போய், ஜெயகிருஷ்ணனிடமிருந்து கெட்டிப் பிளாஸ்டிக் டப்பா ஒன்றை வாங்கிவந்தான். முன்பக்கம் கண்ணாடி, சுற்றிலும் ரப்பர், பக்கவாட்டில் கொக்கி. தண்ணீர் ஒரு சொட்டுப் போகாது என்று கடைக்காரரே சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை காலையில் பொட்டலத்தைப் பிரித்துப் போனை எடுத்து டப்பாவில் போட்டு, 'டக்'கென்று மூடினான்.

"இதான் கவரு. இத்த வச்சிக்க."

பாப்பா அவனையே பார்த்தாள். அருவாமணையிலிருந்து எழுந்தாள். "உக்காரு."

"எங்க?"

"இங்கதான். இந்தக் கானாங்கத்தைய வெட்டு. நான் டீக்கடை போன்லேர்ந்து அடிக்கறேன். நீ எடுத்துட்டேன்னா சாவற வரைக்கும் இந்த டப்பாவ மாட்டிக்கறேன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பூக்கடைக்காரர், "உக்காரு தொர, பினாயில் வேணும்னா நான் ஊத்தறேன்" என்றார். மானம் போகிற காரியமாகிவிட்டது. துலுக்காணம் உட்கார்ந்தான். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு மீனைக் கையில் பிடித்தான். வயிற்றைக் கீறினான். கறுப்பு ரத்தம் மணிக்கட்டில் இறங்கியது. மூச்சை அடக்கிக்கொண்டு விரலால் குடலை வழித்தபோது டப்பா அதிர்ந்தது.

கொக்கியைத் தள்ளினான். விரல் வழுக்கியது. கண்ணாடிமேல் அமுக்கினான், கெட்டிக் கண்ணாடி, உள்ளே பட்டன் அசையவில்லை. லுங்கியில் துடைத்தான். நகத்தால் நெம்பினான். செதில் போய்க் கொக்கியில் மாட்டிக்கொண்டது. நெற்றி வியர்வையைப் புறங்கையால் துடைத்ததில் மீன் சளி புருவத்தில் ஒட்டியது.

டீக்கடையிலிருந்து பாப்பா கத்தினாள்: "ண்ணா, நான் இன்னும் அடிக்கவே இல்ல!"

அடித்தது லாசரஸ்.

பாப்பா ரோட்டைக் குறுக்கே பாய்ந்து வந்தாள். பைக்கில் வந்த ஒருவன் கெட்ட வார்த்தையால் திட்டிக்கொண்டு போனான். டப்பாவைப் பிடுங்கி, கொக்கியைப் பல்லால் கவ்வித் திருகினாள். கொக்கி முறிந்தது. செதிலையும் பிளாஸ்டிக்கையும் சேர்த்துத் துப்பிவிட்டு, "ஆங் சார், சொல்லு சார்" என்றாள். வாயோரத்தில் மீன் ரத்தம் வழிந்தது. குரலில் மட்டும் ஒரு பதற்றமும் இல்லை. "சங்கரா நல்லா கீது சார். எத்தினி பேரு?"

துலுக்காணம் அருவாமணையை விட்டு எழவில்லை. தன் கையை முகர்ந்து பார்த்தான். முகத்தைச் சுளித்தான். அவள் பேசி முடித்ததும், கீழே கிடந்த சாம்பார் கவரை எடுத்து, உள்ளே ஊதி, போனைப் போட்டு வாயை முறுக்கி ரப்பர் பேண்டு கட்டிக் கொடுத்தான். அதற்கப்புறம் ஓட்டலில் கவர்களைக் கட்டாகவே கேட்டு வாங்கிவந்து, ஒவ்வொன்றிலும் ஓட்டை இருக்கிறதா என்று தண்ணீர் பிடித்துப் பார்த்துக் கொடுப்பது அவன் வேலையானது. அருவருப்பு மட்டும் போகவில்லை. கவரை மாற்றும்போதெல்லாம் தலையைத் திருப்பிக்கொண்டுதான் மாற்றுவான்.

அந்த மாதத்தில் அதன்பிறகு ஓர் அழைப்பும் தவறவில்லை. லாசரஸ் சொன்னபடியே எழுதிக்கொள்ளக் கூப்பிட்டார். ஹாஸ்டல் கணக்கர் வேதசிரோமணி காகிதத்தைப் படித்துக் காட்டிவிட்டு, கேட்காமலேயே மை டப்பாவைத் திறந்தார். பாப்பா குளித்து, துவைத்த புடவை கட்டி வந்திருந்தாள். ஆனாலும் அவர் அவள் கட்டைவிரலை நேரே பிடிக்கவில்லை. ஒரு காகிதத் துண்டைச் சுற்றி, செத்த எலியின் வாலைத் தூக்குவது போலத் தூக்கி, மையில் தோய்த்து அழுத்தினார். உப்பிலும் செதிலிலும் தேய்ந்த விரல், ரேகையே விழவில்லை. கறுப்பாக ஒரு அப்பல்தான் விழுந்தது.

"இது செல்லாது. இன்னொரு விரலைக் கொண்டா" என்று அவர் புதுக் காகிதத் துண்டைக் கிழித்தார்.

துலுக்காணத்துக்குக் காறித் துப்பவேண்டும் போல இருந்தது. ஆனால் பாப்பா கையை இழுத்துக்கொண்டாள்.

"வுடு சார். பேனாவக் குடு."

"எழுதத் தெரியுமா உனக்கு?"

"எங்கண்ணன் என் அன்னக்கூடையில எல்லாம் எம்பேர பெயின்ட்ல எயுதி வச்சிருக்கு, மாறிப்போவக் கூடாதுன்னு. தெனம் அத்ததான் தேச்சிக் கய்வறேன். தேக்கற கைக்கு எயுத வராதா?"

அவர் பேனாவை மேசையில் வைத்துத் தள்ளினார். அவள் எடுத்தாள். கூடையின் மேல் அண்ணன் போட்ட அதே வளைவு, அதே கால், மேலே அதே புள்ளி. பேனா காகிதத்தை இரண்டு இடத்தில் கிழித்தது. அடியில் தேதியை வேதசிரோமணியே எழுதினார்: 10-9-2008.