முன்வலது கால் வெள்ளை

பெரில் ஸ்டேசி பதினோரு வருஷமாகச் சிப்பாய்களுக்கு வண்ணம் அடித்துவந்தாள். ஓர் அங்குல உயரத்தில் வார்த்த ஈயச் சிப்பாய்கள். நாட்டிங்ஹாம் கடையிலிருந்து ஷூ பெட்டிகளில் வரும். முதலில் எல்லாருக்கும் கால்சட்டை, பிறகு எல்லாருக்கும் கோட்டு, வார், பொத்தான். கண் கடைசியில். வாங்குகிறவர்கள் அவர்களை மேசையில் அணிவகுத்து, பகடை உருட்டிப் பழைய போர்களை மறுபடி நடத்துவார்கள். அவள் ஓர் ஆட்டம்கூடப் பார்த்ததில்லை. பிரெஞ்சுக்காரர்களையும் அவர்களைக் கொல்ல வந்தவர்களையும் ஒரே வாரத்தில் முடித்திருக்கிறாள்.

1984 மார்ச்சில் நிலக்கரிச் சுரங்க வேலைநிறுத்தம் தொடங்கியது. அவர்கள் ஊரான கால்வர்தோர்ப்பில் பெரும்பாலோர் அதை மீறி வேலைக்குப் போனார்கள். அவள் கணவன் டெரெக் போகவில்லை. அவன் தம்பி காலினும் போகவில்லை. விடிகாலையில் சுரங்க வாசலில் மறியல், பத்து மணிக்கு வீடு. சும்மா உட்காரப் பிடிக்காமல் டெரெக் அரத்தை எடுத்தான். வார்ப்புப் பிசிறுகளை ராவினான். அவள் வண்ணம் அடித்து முடித்த வீரர்களைக் குதிரைகள்மேல் ஒட்டினான்.

"இவன் பின்பக்கம் பாத்து உக்காந்திருக்கான்" என்றாள் பெரில்.

"ஓடிப்போறவன். பக்கத்து வீட்டு டென்னிஸ்னு வச்சுக்க."

"அவன் ஓடலையே. சுரங்க பஸ்ஸுல ஜம்முனு உக்காந்துல்ல வேலைக்குப் போறான், கருங்காலி."

ஜூனில் குதிரைப் போலீஸ் மறியல் கூட்டத்துக்குள் புகுந்தது. காலின் விழுந்தான். ஒரு குதிரை அவன் இடுப்பை மிதித்துக்கொண்டு போனது. அதன்பிறகு அவன் தன் அம்மா வீட்டு முன்னறையில் படுத்திருந்தான். கால்கள் அசையவில்லை.

செப்டம்பரில் அறுபது பேர் கொண்ட குதிரைப்படைக்கு ஆர்டர் வந்தது. கூடவே ஒரு புகைப்படம். தளபதியின் குதிரை வாடிக்கையாளர் ஏறும் குதிரையைப்போல் இருக்க வேண்டும் என்று கடைக்காரர் எழுதியிருந்தார். இப்படிக் கேட்பது வழக்கம்தான். பழுப்புக் குதிரை. நெற்றியிலிருந்து இறங்கும் வெள்ளை மூக்கருகே இடப்பக்கம் வளைந்தது. முன்வலது கால் மட்டும் வெள்ளை.

தளபதியையும் அவன் குதிரையையும் கடைசியாக முடித்து ஜன்னலோரம் காயவைத்தாள். ஒட்டுவதற்காக டெரெக் குதிரையைக் கையில் எடுத்தான். வெகுநேரம் பார்த்தான்.

"இதுக்கு மாதிரி எங்க?"

அவள் படத்தைக் கொடுத்தாள். குதிரைக்குப் பின்னால், லாயத்துச் சுவரில், முகத்தடுப்பு வைத்த போலீஸ் தலைக்கவசம் தொங்கியது.

"இதைப் பாத்தியா நீ?"

"முதல் நாளே பாத்தேன்."

"காலினை மிதிச்ச குதிரை இது."

"டெரெக், இந்த மாதிரி முகம் நூறு குதிரைக்கு இருக்கும்."

"அவனை இழுக்கப் போய் நானும் கீழ கிடந்தேன். இந்த மூக்கு என் முகத்துக்கு மேல நின்னுச்சு."

அவள் தூரிகையைத் துடைத்தாள். "அனுப்பலைன்னா அடுத்த பெட்டி வராது."

"வரலைன்னா போகுது."

"பெட்டி வரலைன்னா காசு இல்ல, திங்கக்கிழமை நீ அந்த பஸ்ஸுல ஏறணும். டென்னிஸ் பக்கத்துல இடம் இருக்கும். காலின்கிட்ட என்ன சொல்லுவ?"

அவன் குதிரையை நசுக்கிவிடுவான் என்று நினைத்தாள். ஈயம்தானே, வளைந்துவிடும். அவன் அதை மேசையில் நிறுத்தினான்.

"நான் ஒட்டமாட்டேன்."

"சரி."

தளபதியை அவளே ஒட்டினாள். பசை பிடிக்கும்வரை இரண்டு விரலால் அழுத்திப் பிடித்திருந்தாள். மறுநாள் பெட்டி தபாலில் போனது. டெரெக் அதற்குப் பிறகு அரத்தைத் தொடவில்லை. காலினைப் பார்க்கத் தனியாகப் போனான். பெரிலையும் கூப்பிட்டு வரச்சொல்லி காலின் கேட்டபோது, அவளுக்கு வேலை இருக்கிறது என்றான்.

நவம்பரில் கடைக்காரரின் கடிதம் வந்தது. பெரில் அதை மேசையிலேயே விட்டிருந்தாள். டெரெக் படித்தான். வாடிக்கையாளருக்கு ரொம்ப சந்தோஷம், அதுவும் அந்தக் குதிரை. அதே குதிரை இன்னொன்று வேண்டுமாம், பெரிதாக, முன்கால்களைத் தூக்கியபடி, அலமாரியில் வைக்க. வார்ப்பும் கூடவே வந்திருந்தது.

"எத்தனை நாளாகும்?" என்றான்.

"நாலு."

நவம்பருக்குள் அந்தத் தெருவில் வேலைக்குத் திரும்பாதவன் அவன் ஒருவன்தான். மறுநாள் விடிகாலை எப்போதும்போல் மறியலுக்குக் கிளம்பிப் போனான். வெளிச்சம் வந்ததும் அவள் பழுப்பை எடுத்துப் புதுக் குதிரைக்கு முதல் பூச்சு அடித்தாள்.