வளையம் மாட்டாத டேப்பு

திருவெறும்பூர்ப் பக்கத்து ஆலை ஒன்றில், 1967-இல், ஓர் அறையையே அடைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் உட்கார்ந்திருந்தது. அதற்கு அட்டையில் துளை குத்திக் கொடுக்கிற வேலை ஸ்ரீரங்கத்து வள்ளிக்கண்ணுவுக்கு. புருஷனின் கை அரிசி மில் பெல்ட்டில் போன பிறகு வீட்டில் உலை கொதித்தது அவள் சம்பளத்தில்தான். ஆயுதபூஜைக்குப் பொட்டு வைக்காமல் ஓட்டிய மில் என்று ஊரே சொல்லிற்று, அவளும் நம்பினாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்தானே!

அந்தப் பயத்தில்தான் விஜயதசமி காலையில் அப்படியொரு காரியம் செய்தாள். "மெஷின் மேல எவ்வளவு வேணாலும் சந்தனம் வைங்க. அட்டையில ஒரு சொட்டு பட்டுச்சு, வீட்டுக்கு அனுப்பிடுவேன்" என்று ஆபீசர் நல்லதம்பி படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். கேட்டாளா? யாரும் பார்க்காதபோது அட்டைக் கட்டின் முதல் அட்டைக்கு ஒரு பொட்டு வைத்துவிட்டாள்.

அந்த முதல் அட்டைதான் கட்டளை. மெஷினுக்குள் காவல்காரன் மாதிரி எப்போதும் விழித்திருக்கும் ஒரு சின்ன புரோகிராம் உண்டு. துளை வழியே மின்சாரம் பாய்வதை வைத்து இன்ன வேலை என்று அது தெரிந்துகொள்ளும். அதற்கான புரோகிராமைத் தேடிக் கூட்டிவந்து, மெஷினை அதன் கையில் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்காது. மேலும் கீழும் இரண்டு துளை இருந்தால் மெஷினில் மாட்டியிருக்கும் காந்த டேப்பைப் படிக்கும். கீழ்த்துளை மட்டும் இருந்தால் டேப்பில் புதிதாக எழுதும், பழையதெல்லாம் அழிந்துபோகும்.

ஆலையில் வேலை செய்கிற அத்தனை பேரின் ஒரு வருஷத்து வருகையும் அன்று மாட்டியிருந்த டேப்பில் இருந்தது. வேறு பிரதி கிடையாது. ஆபரேட்டர் கியாசுதீன் பட்டனை அழுத்தினார். முதல் அட்டை உள்ளே போனது. மெஷின் சட்டென்று நின்றது. சிவப்பு விளக்கு எரிந்தது.

"அட அல்லாவே, வளையம் மாட்ட மறந்துட்டேன் போல." ஆணியில் தொங்கிய பிளாஸ்டிக் வளையத்தை எடுத்தார். அந்த வளையம் இல்லாத டேப்பில் மெஷின் எழுதாது. எழுதச் சொன்னால் இப்படித்தான் விளக்கைப் போட்டு நிற்கும்.

வள்ளிக்கண்ணு சிவப்பு விளக்கைப் பார்த்தாள். படிக்கத்தானே குத்தினோம், எழுதவா கேட்கிறது? சந்தனம்! வழிந்து மேல்துளையை அடைத்துவிட்டது. வாயைத் திறந்தால் வேலை போகும். மூடிக்கொண்டால் டேப்பு போகும். பழி கியாசுதீன் தலையில் விழும்.

கியாசுதீன் வளையத்தை டேப்புச் சக்கரத்தில் வைத்தார்.

"பாய், மாட்டாதீங்க! முதல் அட்டையில நான்தான் பொட்டு வெச்சேன். துளை அடைஞ்சுபோச்சு!"

பக்கத்தில் நின்ற நல்லதம்பி அட்டையை வெளியே எடுத்து நகத்தால் சுரண்டினார். துளை திறந்தது. அவர் முகம் வெளிறிவிட்டது.

"வாயைத் திறக்காம இருந்திருந்தா நீதான்னு யாருக்கும் தெரிஞ்சிருக்காதேம்மா."

"டேப்பு போயிருக்குமேங்க."

அவர் அட்டையை மேஜையில் வைத்தார். பிறகு, "நாளையிலேருந்து வர வேணாம்" என்றார்.

"சரிங்க. அந்த அட்டையைப் புதுசா குத்திக் குடுத்துட்டுப் போறேங்க."

உட்கார்ந்து குத்தினாள். இரண்டு துளையும் சுத்தமாக இருக்கிறதா என்று ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கியாசுதீன் கையில் கொடுத்துவிட்டுத்தான் அழுதாள்.